காற்றில் பிடித்த ஸ்டியரிங்

தொலைக்காட்சிக்கு ஆறடி தள்ளி நிற்க வேண்டும். இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே நீட்டி, இல்லாத ஒரு ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். கைகளை இடப்பக்கம் சாய்த்தால் திரையில் கார் இடப்பக்கம் திரும்பும். மார்போடு இழுத்து வைத்திருந்து சட்டென்று முன்னால் தள்ளினால் சீறிப் பாயும். வளைவில் இடுப்பைத் திருகினால் சக்கரங்கள் வழுக்கிக்கொண்டே வளையும். மேட்டிலிருந்து எகிறிய கார் அந்தரத்தில் இருக்கும்போது உடம்பைத் திருப்பினால் அதுவும் கரணம் போடும். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும் வேலை இல்லை, வேகம் தானாகவே கூடும். 2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டிக்குக் கினெக்ட் என்ற கருவியைக் கொண்டுவந்தபோது கூடவே வெளியான ‘கினெக்ட் ஜாய் ரைட்’ விளையாட்டு இது. கனடாவில், வான்கூவர் நகரத்து பிக்பார்க் நிறுவனம் உருவாக்கியது.

பந்தய விளையாட்டில் ஊறியவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. பிள்ளைகள் விரும்பி ஆடினார்கள். இரண்டு தரப்புமே சரி என்றே நினைக்கிறேன். கையிலும் காலிலும் எதுவும் இல்லாதபோது உடம்பின் அசைவை ஓர் இயந்திரம் எப்படி அறிந்தது? அறிந்த பிறகும் துல்லியமாக ஓட்ட ஏன் முடியவில்லை? வண்டி ஓட்டுவதில் உடம்பிலிருந்து வண்டிக்குப் போகும் கட்டளை பாதி, வண்டியிலிருந்து உடம்புக்குத் திரும்பி வரும் செய்தி பாதி. கினெக்ட் முதல் பாதியை அற்புதமாகச் செய்தது. இரண்டாம் பாதியை அது தொடவே இல்லை.

முதல் பாதியைப் பார்ப்போம். சாதாரண கேமராவுக்குத் தெரிவது நிறமும் வெளிச்சமும்தான். நீலச் சட்டைக்காரர் ஒருவர் கையை மார்புக்கு முன்னால் நீட்டி நின்றால், கை எங்கே முடிகிறது, மார்பு எங்கே தொடங்குகிறது என்று படத்தில் பிரிப்பது கடினம். கார் ஓட்டும் தோரணையின் சிக்கலே இதுதான்: கைகள் எந்நேரமும் உடம்புக்கு நேர் முன்னால் இருக்கின்றன. ஆனால் நிறத்தைப் பார்க்காமல் தூரத்தைப் பார்க்கும் கேமராவுக்கு இதே தோரணை பெரிய வசதி. கைகள் மார்பைவிட முப்பது, நாற்பது சென்டிமீட்டர் முன்னே நிற்பதால் தூரப்படத்தில் அவை தனித்துத் தெரியும்.

தூரத்தைப் பார்க்கும் அந்த நுட்பம் பிரைம்சென்ஸ் என்ற இஸ்ரேலிய நிறுவனத்துடையது. கினெக்டுக்குள் ஓர் அகச்சிவப்பு லேசர் இருக்கிறது. அதன் ஒளி அறை முழுக்கப் பல்லாயிரம் புள்ளிகளாகச் சிதறி விழும். நம் கண்ணுக்கு அவை தெரியாது. லேசரிலிருந்து சுமார் ஏழரை சென்டிமீட்டர் தள்ளி, அகச்சிவப்பை மட்டும் பார்க்கும் கேமரா ஒன்று அந்தப் புள்ளிகளைப் படம் பிடிக்கிறது. ஒரு விரலை முகத்துக்கு அருகே நிறுத்தி, இரு கண்களையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறித் தாவும், பின்னால் இருக்கும் சுவர் அவ்வளவாகத் தாவாது. அருகில் இருப்பது அதிகம் விலகும், தொலைவில் இருப்பது குறைவாக விலகும். கினெக்டில் ஒரு கண்ணின் இடத்தில் லேசரும் இன்னொரு கண்ணின் இடத்தில் கேமராவும் இருக்கின்றன. புள்ளிகளின் கோலம் எதிர்பார்த்த இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்தால், அந்தப் புள்ளி விழுந்த பரப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது முக்கோணக் கணக்கில் கிடைத்துவிடும். இந்தக் கணக்கை நொடிக்கு முப்பது முறை அது போடுகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. தூரம் இரட்டித்தால் பிழை நான்கு மடங்காகும். இரண்டு மீட்டரில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அளவில் வேறுபாட்டை உணரும் கருவி, நான்கு மீட்டரில் நான்கைந்து சென்டிமீட்டருக்குக் குறைந்த வேறுபாட்டை உணராது. ஜன்னல் வழியே மதிய வெயில் அடித்தாலும் சிக்கல்தான். சூரிய ஒளியில் அகச்சிவப்பு தாராளமாக இருக்கிறது, புள்ளிகள் அதில் மூழ்கிவிடும். தனியாக ஆடுபவர் ஆறடி தள்ளி நிற்க வேண்டும், இருவர் சேர்ந்து ஆடினால் எட்டடி என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது இந்தக் கேமராவின் பார்வைக் கோணத்தை வைத்துத்தான். அந்த இடமே இல்லாத வீடுகள் உலகில் ஏராளம்.

தூரப்படம் கிடைத்துவிட்டால் போதுமா? போதாது. அதில் இருப்பது மேடும் பள்ளமுமான ஓர் உருவம். சோபா எது, ஆள் எது, ஆளில் கை எது, முழங்கை எது? முப்பதில் ஒரு நொடிக்குள் இதைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் ஜேமி ஷாட்டனும் அவருடைய சகாக்களும் கண்ட விடை, கணினிப் பார்வைத் துறையின் அழகான வேலைகளில் ஒன்று. 2011-இல் அத்துறையின் முதன்மையான மாநாட்டில் சிறந்த கட்டுரை விருது பெற்றது.

மனித உடம்பை அவர்கள் 31 பகுதிகளாகப் பிரித்தார்கள். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் இவற்றில் எதைச் சேர்ந்தது என்பதே கேள்வி. அறியாத ஊரில் ஒவ்வொரு முக்கிலும் வழி கேட்டுக்கொண்டே வீட்டைக் கண்டுபிடிப்பதுபோல, ஒவ்வொரு புள்ளியும் எளிய கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போகிறது. எனக்குச் சற்று மேலே இருக்கும் இடம் என்னைவிட வெகு தூரத்தில் இருக்கிறதா? ஆம் என்றால் நான் தலையின் உச்சியாக இருக்கலாம். எனக்கு இரு பக்கமும் வெறும் பின்சுவர்தானா? அப்படியானால் மெல்லிய கையாக இருக்கலாம். ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் அடுத்த கேள்வி. இருபது கேள்விகள் ஆழம் கொண்ட மூன்று மரங்கள் இப்படி விசாரித்து, மூன்றும் சேர்ந்து தீர்ப்புச் சொல்கின்றன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு கேள்வியும் மந்தமானது. கூட்டாகப் பார்த்தால் அதில் முழங்கையும் மணிக்கட்டும் புலப்படுகின்றன.

எந்தப் புள்ளி எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கணினி தானே கற்றது. அதற்காக நடிகர்களின் அசைவுகளைப் பதிவு செய்து ஏறக்குறைய ஐந்து லட்சம் நிலைகளைத் திரட்டினார்கள். கார் ஓட்டுவது, நடனமாடுவது, உதைப்பது, ஓடுவது என எல்லாம் அதில் உண்டு. குண்டு, ஒல்லி, குட்டை, நெட்டை என்று பல உடம்புகளைக் கணினியிலேயே செய்து, அந்த நிலைகளில் நிறுத்தி, தூரப்படங்களைச் செயற்கையாக உருவாக்கினார்கள். பத்து லட்சம் படங்களிலிருந்து மூன்று மரங்களைக் கற்றுக்கொள்ள, ஆயிரம் செயலிக் கருக்கள் (கோர்) கொண்ட கணினித் தொகுதிக்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடித்தது. கற்ற பிறகு வீட்டில் இருக்கும் எக்ஸ்பாக்ஸுக்கு அது சொற்ப வேலை. முந்தைய படத்தில் கை எங்கே இருந்தது என்று அது நினைவில் வைக்க வேண்டியதும் இல்லை. ஒவ்வொரு படத்தையும் புதிதாகவே படிக்கிறது. அதனால் ஒரு கணம் கையைத் தொலைத்தாலும் அடுத்த கணம் பிடித்துவிடும். அதற்கு முன்பிருந்த உடலறி கருவிகள் பல, ஆளைத் தவறவிட்டால் மறுபடி ஒரு குறிப்பிட்ட தோரணையில் வந்து நிற்கச் சொல்லும்.

இனி ஸ்டியரிங். இடக்கை ஒரு புள்ளி, வலக்கை ஒரு புள்ளி. இரண்டையும் இணைக்கும் கோடு கிடைமட்டத்தோடு எத்தனை பாகை சாய்ந்திருக்கிறதோ அதுதான் ஸ்டியரிங் திரும்பிய கோணம். பள்ளிக்கூடக் கணக்கு. ஆனால் கைகளுக்கிடையே நாற்பது சென்டிமீட்டர் இடைவெளி என்று வையுங்கள். ஒரு கையின் இடத்தைக் கருவி இரண்டு சென்டிமீட்டர் தவறாகக் கணித்தால் கோணத்தில் மூன்று பாகை பிழை வரும். நீங்கள் அசையாமல் நின்றாலும் கார் நடுங்கும். நடுக்கத்தைப் போக்க, அடுத்தடுத்து வரும் சில படங்களைச் சேர்த்து சராசரி எடுக்கலாம். ஆனால் சராசரியில் பழைய செய்தி கலந்துவிடுகிறது, கார் தாமதமாகத் திரும்புகிறது. நடுக்கம் வேண்டுமா, தாமதம் வேண்டுமா என்ற இந்தப் பேரத்திலிருந்து எந்தச் சென்சாரும் தப்புவதில்லை.

தாமதம் சிறிய விஷயம் அல்ல. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் பத்தில் ஒரு நொடியில் ஏறக்குறைய மூன்று மீட்டர் போய்விடும். நீங்கள் திருப்பியது இன்னும் திரையில் தெரியவில்லை என்பதால் மேலும் திருப்புவீர்கள். பிறகு இரண்டு திருப்பமும் சேர்ந்து வரும். சரிசெய்ய எதிர்ப்பக்கம் ஒடிப்பீர்கள், அதுவும் தாமதமாக வரும். கார் சாலையில் பாம்பாக நெளியும். ஓட்டுபவர் திறமையில் குறை இல்லாமலே இது நடக்கும். எந்தக் கட்டுப்பாட்டுச் சுற்றிலும் தாமதம் கூடினால் அலைவு பிறக்கும் என்பது பொறியியலின் அடிப்படை. பிக்பார்க் குழு வேகத்தைத் தானியங்கியாக்கி விளையாட்டை எளிமையாக வைத்ததை இந்த வெளிச்சத்தில் பார்த்தால், அது சோம்பல் அல்ல, நியாயமான முடிவு என்று புரியும்.

கேமராவே இல்லாமல் இதைச் செய்யும் வழி ஒன்று அதற்கு முன்பே இருந்தது. நின்டெண்டோவின் வீ என்ற விளையாட்டுப் பெட்டிக்கான ‘மாரியோ கார்ட் வீ’ 2008-இல் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் சக்கரத்தோடு வந்தது. அந்தச் சக்கரத்துக்குள் மின்னணு எதுவும் கிடையாது, ரிமோட்டைச் செருகும் கூடு மட்டுமே. வேலை செய்வது ரிமோட்டுக்குள் இருக்கும் முடுக்கமானி. நுண்ணிய சிலிக்கான் விற்களில் தொங்கும் ஒரு துளி நிறை, எந்தப் பக்கம் இழுபடுகிறது என்பதை அது மின்சாரமாக அளக்கிறது. சக்கரத்தைச் சாய்த்தால் புவியீர்ப்பு இழுக்கும் திசை ரிமோட்டின் பார்வையில் மாறும், அதிலிருந்து கோணம் கிடைக்கும். இதே கருவிதான் உங்கள் கைபேசியிலும் இருக்கிறது. முடுக்கமானியை மட்டும் நம்பும் பந்தய விளையாட்டு ஒன்றைத் திறந்து, கைபேசியை மேசைமேல் மல்லாக்க வைத்துச் சுழற்றிப் பாருங்கள், கார் திரும்பாது. புவியீர்ப்பு மேசைக்குச் செங்குத்தாக இருப்பதால், மேசைமேல் எவ்வளவு சுழற்றினாலும் அதன் திசை மாறுவதில்லை. பேருந்து ஓட்டுநர்போல ஸ்டியரிங்கைப் படுக்கைவாட்டில் பிடித்து வீ-யில் ஓட்ட முடியாததற்கும் காரணம் இதுவே. பேருந்தில் போய்க்கொண்டே கைபேசியில் ஓட்டினால், நிஜப் பேருந்து வளையும்போது திரையில் கார் தறிகெடும். புவியீர்ப்பையும் பேருந்தின் முடுக்கத்தையும் அந்தத் துளி நிறையால் பிரித்தறிய முடியாது.

இவையெல்லாம் வருவதற்கு இருபதாண்டுக்கு மேல் முன்பே, 1985-இல், ஜப்பானின் சேகா நிறுவனத்தில் யூ சுசுகி ‘ஹேங்-ஆன்’ என்ற விளையாட்டைச் செய்தார். விளையாட்டுக் கூடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வடிவம், அதன் முகப்பில் திரை. ஏறி உட்கார்ந்து உடம்பின் எடையால் வண்டியையே சாய்க்க வேண்டும். கேமரா இல்லை, கணிப்பு இல்லை, வண்டி எவ்வளவு சாய்ந்தது என்று அளந்தால் போதும். ஆனால் வண்டிக்கு எடை இருந்தது. சாய்க்கும்போது அது எதிர்த்தது, விட்டால் நிமிர்ந்தது. முழு உடம்பால் பந்தயம் ஓட்டுவதில் எது முக்கியம் என்பது முதல் முயற்சியிலேயே பிடிபட்டுவிட்டது. பின்னால் வந்தவர்கள் வண்டியைத் தூக்கி எறிந்துவிட்டு உடம்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் பாதிக்கு வருகிறேன். யார் பந்தய விளையாட்டு ஆடினாலும் கவனித்துப் பாருங்கள். கையில் இருப்பது வெறும் பொத்தான் கருவியாக இருந்தாலும், திரையில் கார் வலப்பக்கம் வளையும்போது ஆடுபவரின் தலையும் தோளும் வலப்பக்கம் சாயும். அந்தச் சாய்வால் காருக்கு எந்தப் பயனும் இல்லை. பின் உடம்பு ஏன் சாய்கிறது?

இதை விளங்கிக்கொள்ள எடின்பரோ பல்கலைக்கழகத்தின் டேவிட் லீ என்ற உளவியலாளரிடம் போக வேண்டும். 1974-இல் அவரும் எரிக் ஆரன்சனும் ஒரு விசித்திரமான அறையைக் கொண்டு சோதனை செய்தார்கள். தரை நிலையாக இருக்கும், சுவர்களும் கூரையும் மட்டும் நகரும். அப்போதுதான் நிற்கப் பழகிய குழந்தைகளை உள்ளே நிறுத்திச் சுவரைக் குழந்தையை நோக்கி மெல்ல நகர்த்தினார்கள். குழந்தைகள் பின்பக்கம் தள்ளாடினார்கள், பலர் விழுந்தார்கள். யாரும் அவர்களைத் தொடவில்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘நீ நேராக நிற்கிறாய்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. கண் மட்டும் ‘நீ முன்னால் சரிகிறாய்’ என்றது. உடம்பு கண்ணை நம்பிப் பின்னால் இழுத்துக்கொண்டது. பெரியவர்கள் விழவில்லை, ஆனால் அவர்களும் ஆடினார்கள். நிற்பது என்பது கால்களின் வேலை மட்டும் அல்ல, கண்களின் வேலையும் என்று அந்த அறை நிரூபித்தது.

பெரிய திரையில் சாலை உங்களை நோக்கி ஓடி வருவது, அறையின் சுவர் ஓடி வருவதற்கு உறவுதான். நிஜக் காரிலும் கண்ணின் ஆட்சி பலமானது. கனடாவின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டுநரின் தலை வளைவின் உட்பக்கம் சாய்வதைக் கண்டார்கள். அந்தச் சாய்வு, உடம்பை வெளியே தள்ளும் விசையைவிட, கண்ணுக்குத் தெரிந்த சாலை வளைவோடுதான் பொருந்தியது. ஆகவே வீட்டுக் கூடத்தில் நின்று சாய்பவர் நடிக்கவில்லை. ஓட்டுநரின் உடம்பு செய்வதைத்தான் அவர் உடம்பும் செய்கிறது. ஜாய் ரைட் போன்ற விளையாட்டுகளின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான்: எப்படியும் சாயப்போகும் உடம்பின் சாய்வை ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் சொல்லித் தராமலே ஆடியதற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு.

கைக்கு வந்தால் நிலைமை தலைகீழ். நிஜக் காரின் ஸ்டியரிங் உங்களோடு பேசுகிறது. முன் சக்கரங்கள் பொருத்தப்பட்டிருக்கும் சாய்வாலும், டயர் தரையைப் பிடிக்கும் விதத்தாலும், திருப்பிய ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்ப முயலும். வளைவில் வேகம் கூடக் கூட அந்த எதிர்ப்பும் கூடும். டயர் தன் பிடியின் எல்லையை நெருங்கும்போது இந்த எதிர்ப்பு தளரத் தொடங்கும். கார் வழுக்கப்போவதைக் கண் காண்பதற்கு முன்பே தேர்ந்த ஓட்டுநரின் உள்ளங்கை அறிந்துகொள்வது இப்படித்தான். காற்றில் பிடித்த ஸ்டியரிங்கில் இது எதுவும் கிடையாது. நடு எது என்று சொல்லக்கூட ஒன்றும் இல்லை. நேராகப் பிடித்திருப்பதாக நினைக்கும் கைகள் ஆட்டத்தின் வேகத்தில் மெல்ல ஒருக்களித்துவிடும். தசைகளுக்குள் இருக்கும் உணர்வு நரம்புகள் கை எங்கே இருக்கிறது என்பதை ஓரளவு சொல்லும், ஆனால் இரண்டு மூன்று பாகை வேறுபாட்டை ஆட்டம் முழுக்கக் காத்து நிற்க அவற்றுக்கு ஒரு பிடிமானம் வேண்டும்.

பிடிமானம் இல்லாததற்கு இன்னொரு விலை, வலி. ஒரு கையின் எடை உடம்பின் எடையில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. அறுபது கிலோ ஆளுக்கு ஒரு கை மூன்று கிலோ. நீட்டிய கையின் எடைமையம் தோளிலிருந்து ஓரடி தள்ளி இருக்கிறது. அதைத் தாங்கும் தோள்தசையோ மூட்டை ஒட்டிச் சில சென்டிமீட்டர் தூரத்தில் இழுக்கிறது. நெம்புகோல் கணக்குப்படி, கையின் எடையைப் போலப் பல மடங்கு விசையை அந்தத் தசை இடைவிடாமல் கொடுத்தாக வேண்டும். அசையாமல் இறுகிய தசையில் ரத்த ஓட்டமும் குறையும், தோள் எரியத் தொடங்கும். நிஜக் காரில் கைகள் ஸ்டியரிங்மேல் ஓய்வெடுக்கின்றன என்பதை இங்கே நின்றால்தான் உணர்வோம். முழங்கைகளை மடக்கி விலாவோடு ஒட்டி வைத்தால் பாரம் பாதியாவது குறையும், கருவியும் குழம்பாது.

திரையில் வேகமாக ஓட்டினால் சிலருக்குக் குமட்டும். கண் ‘ஓடுகிறாய்’ என்கிறது, காது ‘நிற்கிறாய்’ என்கிறது. மலைப்பாதைப் பேருந்தில் இது எதிர்த்திசையில் நடக்கும்: காது ‘வளைகிறாய்’ என்கிறது, கையில் இருக்கும் புத்தகத்தைப் பார்க்கும் கண் ‘நிற்கிறாய்’ என்கிறது. அங்கே ஓட்டுநருக்குக் குமட்டுவதில்லை, பயணிக்குக் குமட்டுகிறது. இது விளையாட்டிலும் உண்மையா? அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஸ்டாஃப்ரகனும் உடன் பணியாற்றியவர்களும் இதைச் சோதித்தார்கள். ஒருவர் எக்ஸ்பாக்ஸில் பந்தயக் கார் ஓட்டினார். அந்த ஓட்டத்தின் பதிவை இன்னொருவர் பார்த்தார், கட்டுப்பாடு எதுவும் அவர் கையில் இல்லை. இருவர் கண்ணிலும் பட்டது ஒரே படம். குமட்டல் பார்த்தவர்களுக்கே கூடுதலாக வந்தது. 2011-இல் வெளியான இந்த ஆய்வு, வண்டி நம் வசம் இருப்பதே உடம்புக்கு ஒரு மருந்து என்று காட்டியது. அடுத்து வரும் வளைவை எதிர்பார்த்து உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்கிறது. பார்வையாளரின் உடம்புக்கு அந்த முன்னறிவு இல்லை. முழு உடம்பையும் ஓட்டுவதில் ஈடுபடுத்துவதற்குக் குழந்தைக் குதூகலம் தவிர வேறொரு நியாயமும் உண்டு என்று நான் நினைப்பது இதனால்தான்.

வளைவை உடம்பு எப்படி முன்னறிகிறது என்று பார்க்க டேவிட் லீயை மறுபடி அழைக்க வேண்டியிருக்கிறது. 1994-இல் அவரும் மைக்கேல் லேண்டும் வளைந்து வளைந்து போகும் சாலையில் ஓட்டுநர்களின் விழி அசைவைப் பதிவு செய்தார்கள். வளைவில் நுழைவதற்கு ஒன்றிரண்டு நொடி முன்பே ஓட்டுநரின் கண் ஒரே இடத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டது. வளைவின் உட்பக்க விளிம்பு, நம் பார்வைக் கோட்டைத் தொட்டுத் திரும்புவதுபோல் தெரியும் புள்ளி அது. அந்தப் புள்ளி எந்தத் திசையில் தெரிகிறது என்பதிலிருந்தே வளைவு எவ்வளவு கூர்மையானது என்று மூளைக்குப் புரிந்துவிடும். ஸ்டியரிங் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதைக் கை முடிவு செய்வதற்கு முன்பே கண் முடிவு செய்கிறது.

2011-இல் வந்த ‘ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட் 4’ கினெக்டை இந்த இடத்தில் பயன்படுத்திக்கொண்டது. கையில் கேம்பேடு அல்லது நிஜ ஸ்டியரிங் கருவி இருக்கும், காரை அதனால் ஓட்டலாம். கினெக்ட் உங்கள் தலையை மட்டும் பார்க்கும். வளைவை நோக்கித் தலையை லேசாகத் திருப்பினால் திரையின் காட்சியும் அந்தப் பக்கம் திரும்பும், வளைவின் உட்புறம் தெரியும். இதில் இரண்டு மூன்று பாகை பிழை வந்தால் பாதகமில்லை. சற்றுத் தாமதமானாலும் கார் சாலையை விட்டுப் போகாது. கினெக்ட் எதில் பலமோ அதை மட்டும் அதனிடம் கேட்டார்கள். முழு உடல் பந்தயத்தில் கினெக்ட் செய்த ஆகச் சிறந்த வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அதே விளையாட்டில், கைகளைக் காற்றில் நீட்டி ஓட்டும் முறையும் இருந்தது. ஒரு சுற்றின் நேரத்தைச் செதுக்கிக் குறைக்க முனைபவர்களுக்கு அது உதவாது.

நின்று ஆடுவது உடற்பயிற்சி என்ற பேச்சுக்கும் விடை சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் லிவர்பூலில் 13 முதல் 15 வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2007-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. உட்கார்ந்து ஆடும் விளையாட்டுக்கு எடுத்துக்காட்டாக அவர்கள் தேர்ந்தெடுத்தது ஒரு கார் பந்தயம். எழுந்து நின்று ஆடும் விளையாட்டுகளாக வீ-யின் பௌலிங், டென்னிஸ், குத்துச்சண்டை. நின்று ஆடியபோது குறைந்தது 51 சதவீதம் கூடுதல் ஆற்றல் செலவானது. ஆனால் நிஜமாக டென்னிஸ் ஆடுவதற்கோ குத்துச்சண்டை போடுவதற்கோ அது ஈடாகவில்லை. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் 11 பேர்தான், ஆகவே எண்ணை இறுகப் பிடிக்க வேண்டாம். மைதானம் இருக்கும் பிள்ளையை மைதானத்துக்கே அனுப்புங்கள். மழை நாளில் சோபாவில் கிடப்பதைவிட எழுந்து நின்று ஓட்டுவது மேல், அவ்வளவுதான்.

கினெக்டின் உற்பத்தியை நிறுத்திவிட்டதாக மைக்ரோசாஃப்ட் 2017 அக்டோபரில் அறிவித்தது. பிரைம்சென்ஸை அதற்கு முன்பே, 2013-இல், ஆப்பிள் வாங்கியிருந்தது. 2017-இல் வந்த ஐஃபோன் டென், முகத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை வீசி, அவற்றின் கோலத்தைப் படித்து உரிமையாளரை அடையாளம் கண்டது. வீட்டுக் கூடத்தில் கார் ஓட்டுபவரைப் பார்க்க வேலை செய்த அதே வகை நுட்பம் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. இயந்திரம் உடம்பைப் படிப்பது இன்று பழைய செய்தி. உடம்புக்குத் திருப்பிச் சொல்வதில்தான் வேலை மிச்சம் இருக்கிறது. எதிர்த்துத் தள்ளும் மோட்டார் கொண்ட ஸ்டியரிங் கருவிகள் ஆர்வலர்களிடம் உண்டு, அவற்றின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. விளையாட்டு செய்பவர்களிடம் என் வேண்டுகோள் இது: சாய்வையும் பார்வையையும் உடம்பிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள், அதில் அது பிறவி வல்லமை கொண்டது. ஸ்டியரிங்கை மட்டும் காற்றில் விடாமல், எடையும் எதிர்ப்பும் உள்ள ஒரு பொருளாக, நடுத்தர வீடு வாங்கக்கூடிய விலையில் கையில் கொடுங்கள்.